ஏழு நாள் பறவை, ஒன்பது நாள் பறவை

தென்கடலிலிருந்து ஒரு காட்டு வாத்து புறப்படுகிறது. ஏழு நாளில் வடகடலைச் சேரும். வடகடலிலிருந்து ஒரு பெருவாத்து கிளம்புகிறது. தென்கடலை அடைய அதற்கு ஒன்பது நாள் ஆகும். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால் எத்தனை நாளில் வழியில் சந்தித்துக்கொள்ளும்? சீனாவில் ஹான் பேரரசுக் காலத்தில் உருவான ‘கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்’ நூலின் ஆறாம் அத்தியாயத்தில் உள்ள கணக்கு இது.

1478-ஆம் ஆண்டு, வெனிஸ் நகருக்குப் பக்கத்திலுள்ள திரெவிசோவில் ஒரு சிறிய கணக்குப் புத்தகம் அச்சானது. ஐரோப்பாவில் அச்சான ஆண்டு உறுதியாகத் தெரிந்த கணக்குப் புத்தகங்களில் அதுவே மூத்தது. அதில் போப்பாண்டவர் ரோமிலிருந்து வெனிசுக்கு ஒரு தூதனை அனுப்புகிறார். ஏழு நாளில் போய்ச் சேர வேண்டும் என்பது கட்டளை. வெனிஸ் அரசு அனுப்பும் தூதன் ஒன்பது நாளில் ரோமைச் சேர வேண்டும். இடையிலுள்ள தொலைவு 250 மைல். இருவரும் எத்தனை நாளில் சந்திப்பார்கள்? பறவைகள் மனிதர்களாகிவிட்டன, கடல்கள் நகரங்களாகிவிட்டன. ஏழும் ஒன்பதும் மட்டும் அப்படியே இருக்கின்றன. விடையும் அதுவேதான்: மூன்று நாளும், இன்னொரு நாளில் பதினாறில் பதினைந்து பங்கும்.

இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் தேடி ஜி.ஆர்.இ. எழுதப் போகும் மாணவரின் கையேட்டைப் புரட்டினால் அதே கணக்கு அங்கேயும் கிடக்கிறது. பறவைக்குப் பதில் இரண்டு ரயில்கள், அல்லது இரண்டு அச்சு இயந்திரங்கள், அல்லது ஒரு தொட்டியை நிரப்பும் இரண்டு குழாய்கள். தமிழ்நாட்டில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ‘காலமும் வேலையும்’, ‘குழாய்களும் தொட்டியும்’ என்று தலைப்பு வைத்துப் பிரித்துப் படிக்கிறார்களே, அந்த அத்தியாயங்களெல்லாம் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தேய்ந்து மெருகேறியவை. ‘மண்டையைக் குடையும் தொல்லை’ என்று நினைத்து அவற்றை வேகவேகமாகத் தள்ளிவிடுவது பெரிய இழப்பு. அவற்றுக்குள் ஒரு நெடிய மரபு இருக்கிறது.

வாத்துக் கணக்குக்குச் சீன நூல் சொல்லும் வழி இரண்டே வரி: நாட்களைக் கூட்டு, அது வகுக்கும் எண், நாட்களைப் பெருக்கு, அது வகுபடும் எண். ஏழும் ஒன்பதும் பதினாறு, ஏழொன்பது அறுபத்துமூன்று. ஏன் இப்படி? அறுபத்துமூன்று நாள் விடாமல் பறந்தால் வாத்து அந்தத் தூரத்தை ஒன்பது தடவை கடக்கும், பெருவாத்து ஏழு தடவை கடக்கும். ஆக, இரண்டும் சேர்ந்து பதினாறு தடவை. ஒரு தடவைக்கு 63-ஐப் பதினாறால் வகுத்த நாள். கடலுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்று யாரும் சொல்லவில்லை. தேவையும் இல்லை. திரெவிசோ புத்தகம் 250 மைல் என்று சொன்னதுகூட, ஒவ்வொரு தூதனும் எவ்வளவு தூரம் நடந்தான் என்று கேட்பதற்காகத்தான்.

எந்த எண் வேண்டும், எந்த எண் வேண்டாம் என்று பிரித்தறிவதுதான் வார்த்தைக் கணக்கின் உயிர். கூட்டலும் பெருக்கலும் அதற்குப் பிறகு வரும் கூலி வேலை.

இந்த மரபில் கையில் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஏடுகளில் ஒன்று எகிப்தைச் சேர்ந்தது. அலெக்சாண்டர் ஹென்றி ரைண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1858-இல் லக்சோர் நகரில் வாங்கிய பாப்பிரஸ் சுருள் அது. இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எழுத்தர், தமக்கு முந்தைய ஏடு ஒன்றைப் பார்த்துப் படியெடுத்தது. கறுப்பு மையில் கணக்கு, தலைப்புகள் சிவப்பு மையில். எண்பத்துச் சொச்சம் கணக்குகள். ரொட்டி பங்கிடுவது, தானியக் களஞ்சியத்தின் கொள்ளளவு, பீர் காய்ச்சுவது என்று எல்லாம் எழுத்தர் வேலைக்குப் போகிறவனுக்கு அன்றாடம் வேண்டியவை.

அதிலுள்ள 24-ஆம் கணக்கை ஆமெஸ் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு குவியல், அதனோடு அதன் ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் 19. குவியல் எவ்வளவு? ‘எக்ஸ்’ என்ற எழுத்து அவரிடம் இல்லை. அவர் செய்வது இதுதான்: குவியல் ஏழு என்று வைத்துக்கொள்கிறார். ஏழில் ஒரு பங்கு ஒன்று, மொத்தம் எட்டு. வேண்டியதோ பத்தொன்பது. எட்டை எத்தனை மடங்காக்கினால் பத்தொன்பது வரும்? இரண்டும் எட்டில் மூன்றும். அதே மடங்கால் ஏழையும் பெருக்கு. விடை பதினாறும் எட்டில் ஐந்தும். ஏழு என்பது பொய்யான விடை என்று அவருக்குத் தெரியும். அந்தப் பொய்யைத் தெரிந்தே பிடித்துக்கொண்டு மெய்க்குப் போகிறார்.

இந்த ‘வைத்துக்கொள்வோம்’ என்ற சொல் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளைத் தாண்டி நம் பயிற்சி வகுப்புகளில் உயிரோடு இருக்கிறது. ‘ஒரு குழாய் ஆறு மணியில் நிரப்பும், இன்னொன்று பன்னிரண்டு மணியில் நிரப்பும், சேர்ந்து எத்தனை மணி?’ என்று கேட்டால், ‘மீ.பொ.ம. எடு, தொட்டி பன்னிரண்டு லிட்டர் என்று வைத்துக்கொள்’ என்கிறார் ஆசிரியர். முதல் குழாய் மணிக்கு இரண்டு லிட்டர், அடுத்தது ஒரு லிட்டர், சேர்ந்தால் மூன்று. நான்கு மணி நேரத்தில் தொட்டி நிறைந்துவிடும். இதைக் குறுக்குவழி என்று சிலர் மட்டமாகப் பேசுவதுண்டு. அது சரியல்ல. ஆமெஸின் கை அசைவு அது.

இந்தியாவில் தொட்டிக் கணக்கு பாஸ்கராச்சாரியாரின் ‘லீலாவதி’யில் வருகிறது. 1150-ஆம் ஆண்டு; அவருக்கு வயது முப்பத்தாறு. நான்கு ஊற்றுகள் தனித்தனியே ஒரு நாள், அரை நாள், மூன்றில் ஒரு நாள், ஆறில் ஒரு நாள் என்று ஒரு வாவியை நிரப்புகின்றன; நான்கையும் ஒருசேரத் திறந்துவிட்டால்? ஒரு நாளில் முதல் ஊற்று ஒரு வாவி, அடுத்தது இரண்டு, மூன்றாவது மூன்று, கடைசி ஆறு. மொத்தம் பன்னிரண்டு வாவி. எனவே பன்னிரண்டில் ஒரு நாள், அதாவது நம் கணக்கில் இரண்டு மணி நேரம். எண்களை எவ்வளவு பாந்தமாகத் தேர்ந்திருக்கிறார் என்று பாருங்கள். படிக்கிற பிள்ளைக்குக் கணக்கின் எலும்பு தெரிய வேண்டும், பின்னத்தில் மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறக்கூடாது என்ற கரிசனம் அதில் இருக்கிறது.

லீலாவதியின் மற்றக் கணக்குகள் காட்சிகளாகவே நினைவில் நிற்கும். ஒன்பது முழத் தூணின் உச்சியில் மயில். தூணின் அடியில் பாம்புப் பொந்து. தூணின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்திலிருந்து பாம்பு பொந்தை நோக்கி ஊர்ந்து வருகிறது. மயில் சாய்வாகப் பாய்கிறது. இரண்டும் சமதூரம் கடந்து சந்தித்தால், பொந்திலிருந்து எத்தனை முழத்தில் பிடிபடும்? பன்னிரண்டு முழத்தில். ஒரு செங்கோண முக்கோணத்தை இதைவிட அழகாக ஒரு மாணவனின் கண்ணில் வரைந்துவிட முடியாது. அக்பரின் அவையிலிருந்த பைசி இந்த நூலை 1587-இல் பாரசீகத்துக்குக் கொண்டுபோனார். 1816-இல் ஜான் டெய்லரும் அடுத்த ஆண்டே கோல்புரூக்கும் ஆங்கிலத்தில் தந்தார்கள்.

எதிரெதிரே வரும் இரண்டு பொருள்கள் சந்திக்கும் நேரத்துக்கு இடைத்தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகு, ஒன்றை ஒன்று துரத்தினால் வித்தியாசத்தால் வகு என்பது இன்றைய ரயில் கணக்கின் முதல் பாடம். அதை ஆரியபடர் 499-இல் தம் ‘ஆரியபடீய’த்தில் ஒரே சுலோகத்தில் அடக்கிவிட்டார், அவருக்கு அது கோள்களின் கணக்கு. ஐரோப்பாவில் சார்லமேன் அரசவையில் ஆசிரியராக இருந்த அல்குவினின் பெயரில் வழங்கும் தொகுப்பில் அதே விதி வேட்டைநாயாக வருகிறது: முயல் 150 அடி முன்னால் ஓடுகிறது, நாய் ஒரு பாய்ச்சலுக்கு ஒன்பது அடி, முயல் ஏழு அடி. பாய்ச்சலுக்கு இரண்டடி இடைவெளி குறைகிறது, எழுபத்தைந்து பாய்ச்சலில் முயல் அகப்படும். அந்தத் தொகுப்பின் தலைப்பே ‘இளைஞரின் அறிவைக் கூர்தீட்டும் கணக்குகள்’ என்ற பொருள் தருவது.

தமிழுக்கு இந்த மரபில் இருக்கும் பங்கு ‘கணக்கதிகாரம்’. கொறுக்கையூர்க் காரிநாயனார் இயற்றியது. நிலம், பொன், நெல், அரிசி, கால், கல், பொது என்று அது கணக்கை வகுத்துக்கொள்வதிலேயே அந்தக் காலத்து வாழ்க்கை தெரிகிறது. வயலை அளப்பவரும் நெல்லை அளப்பவரும் பொன்னை நிறுப்பவரும் அதன் வாசகர்கள். பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் வழி அதில் உண்டு: காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். நூறு முள் இருந்தால் நூற்றிருபது சுளை. பழத்துக்குப் பழம் இது சரியாக வருமா என்பதைவிட, வெளியே தெரிவதை வைத்து உள்ளே இருப்பதை மதிப்பிடலாம் என்ற துணிவைப் பிள்ளைக்குத் தந்ததே அதில் பெரிது.

திண்ணைப் பள்ளியில் இதற்கெல்லாம் அடித்தளம் எண்சுவடி. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று பின்னங்களைப் பிள்ளைகள் ராகம் போட்டு மனப்பாடம் செய்தார்கள். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா என்பது வாயில் ஊறிய பிறகு, கூலிக்கு நெல் அளப்பதும் வாரம் பிரிப்பதும் மனக்கணக்காகவே நடந்தன. எழுதிப் பார்க்கப் பலகை தேவைப்படவில்லை. ‘படித்தவன் கணக்கு’ என்று ஒன்று, ‘களத்துமேட்டுக் கணக்கு’ என்று வேறொன்று இல்லாத உலகம் அது. அந்த மரபு நம் பள்ளிக்கூடங்களை விட்டு ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டது வருந்தத்தக்கது.

கணக்கை வைத்து ஆள் தேர்வதும் புதிதல்ல. சீனத்தில் தாங் வம்ச ஆட்சியில், 656-ஆம் ஆண்டில், லி சுன்ஃபெங் தலைமையில் பத்துக் கணித நூல்கள் உரையோடு பதிப்பிக்கப்பட்டு அரசுக் கணிதப் பள்ளிக்குப் பாடநூல்களாயின. வாத்துக் கணக்கு உள்ள நூலும் அந்தப் பத்தில் ஒன்று. பள்ளியில் இடம் முப்பது பேருக்கு மட்டும். படித்து முடித்தவர்கள் அரசுப் பதவிக்காக அந்த நூல்களில் தேர்வு எழுதினார்கள். ஆக, வார்த்தைக் கணக்கு போட்டுக் காட்டி மேலே ஏறுவது என்ற வழக்கத்துக்கு வயது ஆயிரத்து முந்நூறுக்கு மேல்.

இன்றைய தேர்வின் வடிவம் அமெரிக்காவில் பிறந்தது. முதல் உலகப் போரில் படைக்குச் சேர்ந்தவர்களைத் தரம் பிரிக்க 1917-இல் உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் ‘ஆர்மி ஆல்ஃபா’ என்ற சோதனை உருவானது. அதன் ஒரு பகுதி வார்த்தைக் கணக்குகள். அந்தக் குழுவில் இருந்த கார்ல் பிரிகம் 1926 ஜூன் 23-இல் கல்லூரிச் சேர்க்கைக்கான முதல் எஸ்.ஏ.டி. தேர்வை நடத்தினார். எழுதியவர்கள் 8,040 பேர். கேள்விகள் 315, நேரம் 97 நிமிடம். ஒரு கேள்விக்குப் பதினெட்டு விநாடிதான் கிடைக்கும். அத்தனையையும் முடிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லை என்றாலும், கணக்கோடு கடிகாரத்தை இப்படிக் கட்டிப்போட்டது மரபில் ஒரு பெரிய முறிவு. பாஸ்கரர் யாருக்கும் பதினெட்டு விநாடி கொடுக்கவில்லை.

பட்டமேற்படிப்புக்கான தேர்வு அடுத்து வந்தது. கார்னெகி அறக்கட்டளை ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து 1936-இல் தொடங்கிய சோதனை முயற்சிதான் ஜி.ஆர்.இ. 1938-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் 805 என்ற இயந்திரம் சந்தைக்கு வந்தது. பென்சில் கறை மின்சாரத்தைக் கடத்துவதை வைத்து விடைத்தாளைத் திருத்தும் இயந்திரம் அது. அதைக் கண்டுபிடித்தவர் ரெனால்ட் ஜான்சன் என்ற பள்ளி ஆசிரியர். பிறகு 1947-இல் பிரின்ஸ்டனில் இ.டி.எஸ். நிறுவனம் தொடங்கி, ஜி.ஆர்.இ.யைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மேலாண்மைப் படிப்புக்கான தேர்வு 1954-இல் முதன்முதலாக நடந்தது. பின்னாளில் அதன் பெயர் ஜிமேட்.

இயந்திரம் திருத்த வேண்டுமானால் விடை கொள்குறியாக இருக்க வேண்டும். ஆமெஸ் வழியைச் சொன்னார். சீன நூலும் வழியைச் சொன்னது. கொள்குறித் தாளில் வழிக்கு இடமில்லை, விடைக்கு மட்டுமே இடம். தவறான விடைகளை எழுதுவதே ஒரு தனித் திறமையாகிவிட்டது. ஒருவர் சென்னையிலிருந்து ஓர் ஊருக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய், 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறார். சராசரி வேகம் என்ன? நான்கைந்து விடைகளில் 50 என்பது நிச்சயம் உட்கார்ந்திருக்கும். அவசரப்படும் கை அதைத்தான் தொடும். தொலைவு 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போக இரண்டு மணி, வர மூன்று மணி. 240-ஐ ஐந்தால் வகுக்க 48. இங்கும் ஆமெஸின் ஏழுதான் நம்மைக் காப்பாற்றுகிறது.

கேள்வியை வாசிக்காமலே எண்களைப் பிசையும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதைப் பிரான்சில் கிரெனோபிள் நகரத்துக் கணித ஆய்வுக் குழு 1980 வாக்கில் அம்பலப்படுத்தியது. ‘ஒரு கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருக்கின்றன. தலைவனின் வயது என்ன?’ என்று 97 பிள்ளைகளிடம் கேட்டார்கள். 76 பேர் கையில் கிடைத்த எண்களைச் சேர்த்து ஒரு வயதைச் சொன்னார்கள். அமெரிக்காவில் 1983-இல் வெளியான தேசிய மதிப்பீட்டு முடிவு இன்னொரு சான்று. 1,128 படைவீரர்கள், ஒரு பேருந்தில் 36 பேர், எத்தனை பேருந்து வேண்டும்? பதின்மூன்று வயதுப் பிள்ளைகளில் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 என்று சொன்னவர்கள் 23 சதவீதம்தான். ‘31, மீதி 12’ என்று எழுதியவர்கள் அவர்களைவிட அதிகம். மீதிப் பன்னிரண்டு பேர் நடுத்தெருவில் நிற்கிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

இந்த நோய்க்கு நல்ல மருந்தும் தேர்வு உலகத்திலிருந்தே வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஜிமேட்டில் ‘தரவு போதுமா’ என்று ஒரு வகைக் கேள்வி உண்டு. இரண்டு குழாய் சேர்ந்து எத்தனை மணியில் தொட்டியை நிரப்பும் என்று கேட்டுவிட்டு, இரண்டு தகவல் கொடுப்பார்கள். ஒன்று: முதல் குழாய் இரண்டாவதைவிட இருமடங்கு வேகம். இரண்டு: முதல் குழாய் தனியாக ஆறு மணியில் நிரப்பும். விடை தேவையில்லை. இந்தத் தகவல்களில் எது போதும், இரண்டும் சேர்ந்தால் போதுமா என்று சொன்னால் போதும். தலைவனின் வயதைச் சொல்லத் துடிக்கும் கையை இந்தக் கேள்வி பிடித்து நிறுத்துகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டு மரபில் அமெரிக்கத் தேர்வுகள் புதிதாகச் சேர்த்த மிகச் சிறந்த வகை இதுதான்.

ஜி.ஆர்.இ. 2011-இல் திரையிலேயே ஒரு கால்குலேட்டரைக் கொடுத்துவிட்டது. கூட்டல் கழித்தலைச் சோதிப்பது தன் நோக்கமில்லை என்று தேர்வே ஒப்புக்கொண்டதாக இதை எடுத்துக்கொள்ளலாம். 2023 செப்டம்பர் முதல் தேர்வு சுருங்கி, கணக்குப் பகுதியில் இரண்டு பிரிவாக 27 கேள்விகள், 47 நிமிடம் என்று ஆனது. ஒரு கேள்விக்கு ஒன்றே முக்கால் நிமிடம். பிரிகமின் பதினெட்டு விநாடியோடு ஒப்பிட்டால் இது தாராளம். அந்த நேரம் வாசிக்கத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. கேள்வியின் முதல் வரியைப் பார்த்ததும் சூத்திரத்தைத் தேடி ஓடுகிறவர்கள் அந்த நேரத்தை வீணாக்குகிறார்கள்.

தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கேள்வி ஆங்கிலத்தில் இருக்கட்டும். பேனாவைத் தொடுமுன், அது என்ன கேட்கிறது என்று உங்கள் வாயால் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பழகிப் பார்க்க ஒன்பது அத்தியாயங்களிலிருந்தே ஒரு தொட்டி: ஐந்து வாய்க்கால்கள். தனியாகத் திறந்தால் முதல் வாய்க்கால் மூன்றில் ஒரு நாளில் நிரப்பும், அடுத்தது ஒரு நாளில், மூன்றாவது இரண்டரை நாளில், நான்காவது மூன்று நாளில், ஐந்தாவது ஐந்து நாளில். பதினைந்து நாள் ஓடவிட்டால் அவை 45, 15, 6, 5, 3 என்று மொத்தம் 74 தொட்டிகளை நிரப்பும். ஒரு தொட்டிக்கு ஒரு நாளில் 74-இல் 15 பங்கு. கிட்டத்தட்ட 4 மணி 52 நிமிடம்.